பழைய மின்சார காரை இப்போதே வாங்கலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா?

கேள்வி: காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள். 2021 மார்ச்சில் பதிவான டாடா நெக்ஸான் ஈவி ஒன்று 52,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் விலைக்கு வந்திருக்கிறது. பெட்ரோல் காரை விற்றது போக 4 லட்சம் கடன் வாங்க வேண்டும். ஒரு வருஷம் பொறுத்தால் விலை இன்னும் இறங்கும், நல்ல பேட்டரியும் வரும் என்கிறார் மைத்துனர். என்ன செய்யலாம்?
- வாசகர், காரிமங்கலம்

பதில்: மைத்துனர் சொல்வதில் பாதி சரி. விலை இறங்கத்தான் செய்யும். 2024 பிப்ரவரியில் புது நெக்ஸான் ஈவியின் விலையை நிறுவனமே 1.2 லட்சம் வரை குறைத்தது, உடனே பழைய வண்டிகளின் விலையும் சரிந்தது. ஆனால் பொறுத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு. அதை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஓட்டம் மாதம் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் காருக்கு 100 லிட்டர் வேண்டும், அதாவது ஏறக்குறைய 10,000 ரூபாய். நெக்ஸான் ஈவி ஒரு யூனிட்டில் 7 கிலோமீட்டர் போகும். சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாகும் 12 சதவீதத்தையும் சேர்த்தால் மாதம் 245 யூனிட். வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மலிவான விகிதம் கிடைக்காது, அதனால் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றே வைப்போம். சுமார் 2,200 ரூபாய் வரும். மாதம் 7,800 மிச்சம், வருஷத்துக்கு 93,000. 12 சதவீத வட்டியில் 4 லட்சம் கடனுக்கு முதல் வருஷ வட்டி 45,000 போனால் கையில் நிற்பது 48,000. ஒரு வருஷம் கழித்து இதே தரமுள்ள வண்டி 48,000-க்கு மேல் மலிந்தால்தான் பொறுத்தது லாபம். அதே வண்டியைத்தான் அப்போது வாங்கப் போகிறீர்கள் என்றால் அதன் வாரண்டியில் ஒரு வருஷம் கழிந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதே கேள்வியை மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுபவர் கேட்டிருந்தால் தயங்காமல் பொறுக்கச் சொல்லியிருப்போம். அவருடைய மிச்சம் வட்டிக்கே போதாது. உங்களுக்கு எங்கள் பதில்: வாங்கலாம், பேட்டரி தேறினால்.

பேட்டரியைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த மாடலில் இருப்பது 30.2 யூனிட் பேட்டரி. 20 சதவீதம் சார்ஜ் இருக்கும்போது, மின்மீட்டர் இணைத்த 15 ஆம்பியர் பிளக்கில் போட்டு 100 வரை ஏற்றுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ராத்திரி போட்டுவிடலாம். புதிய பேட்டரியானால் மீட்டர் 27 யூனிட் அளவில் காட்டும். 24 காட்டினால் பேட்டரியின் தெம்பு 87 சதவீதம். 22 என்றால் 80தான், அப்போது விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். கணக்கு இதுதான்: மீட்டர் காட்டிய யூனிட்டை 0.88-ஆல் பெருக்கி (12 சதவீதம் சூட்டில் வீணாவதால்), 0.8-ஆல் வகுத்தால் (80 சதவீதம்தான் ஏற்றியதால்) பேட்டரியில் இப்போது கொள்ளும் அளவு வரும். அதை 30.2-ஆல் வகுத்தால் தெம்பு எத்தனை சதவீதம் என்று தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். அதில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. இந்த வகையில் பாதி சார்ஜில் வோல்டேஜ் ஏறக்குறைய மாறாமல் நிற்பதால், பல வாரம் முழுசாக ஏற்றாத வண்டி டாஷ்போர்டில் சதவீதத்தைத் தப்பாகக் காட்டும். அதனால் சோதனைக்கு முன் ஒரு தடவை 100 வரை ஏற்றி, ஓட்டி இறக்கிவிட்டுச் செய்வதுதான் நியாயமான சோதனை. வாங்கிய பிறகும் வாரம் ஒரு முறை 100 வரை ஏற்றுங்கள்.

87 சதவீதம் இருந்தாலும் முழு சார்ஜில் 185 கிலோமீட்டர் வரும். 80-க்கும் 20-க்கும் நடுவில் மட்டும் ஓட்டினால்கூட 110. உங்கள் 60-க்கு அது தாராளம். 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை பேட்டரி வாரண்டி. முதலில் விற்ற தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்பதால் 2029 மார்ச்சில் முடியும். சர்வீஸ் எல்லாம் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் நடந்ததற்கான பதிவையும், பேட்டரி நிலை அறிக்கையையும் அங்கேயே அச்செடுத்து வாங்குங்கள். சமீபத்தில் சில புது மாடல்களுக்கு அறிவித்திருக்கும் ஆயுள்கால பேட்டரி வாரண்டி முதல் உரிமையாளருக்கு உரியது. பழைய வண்டி விற்பவர் அதைச் சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

கேள்வி: பெங்களூரில் ஓடிய டிகோர் மின்சார கார்கள் ஓசூரில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு ஓடியது. பிளேட்டை மாற்றியிருக்கலாம் என்பதால் ஆர்சியில் வாகன வகை என்ன என்று படித்துவிடுங்கள். வாடகைக்கென்றே வந்த எக்ஸ்பிரஸ்-டி மாடலில் 21.5 யூனிட் பேட்டரியும் உண்டு, 16.5 யூனிட்டும் உண்டு. வெளித்தோற்றம் தனியாருக்கு விற்ற 26 யூனிட் டிகோரைப் போலவே இருப்பதால் ஏமாந்துவிட வாய்ப்பு அதிகம். தினமும் பொது இடத்து டிசி சார்ஜரில் (நேர்மின்சாரத்தில் வேகமாக ஏற்றுவது) ஏற்றி, நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடிய பேட்டரி எவ்வளவு மலிந்தாலும் வீட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கர்நாடகப் பதிவுள்ள சொந்த உபயோக வண்டி என்றால் விற்பவரே அங்குள்ள ஆர்டிஓவிடம் படிவம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) எடுத்துத் தர வேண்டும். கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் வேண்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முழுப் பணத்தையும் கொடுங்கள். பிறகு ஓசூரில் படிவம் 27 கொடுத்து டிஎன் 70 எண் வாங்க வேண்டும். எம்ஜி நிறுவன மின்சார வண்டிகளில் பேட்டரியை மட்டும் வாடகைத் திட்டத்தில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாக்கி தீர்ந்ததற்கும் தனிச் சான்று கேளுங்கள்.

வியாபாரியிடம் வாங்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி என்று மொத்த விலைக்கும் பில் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரி அவருடைய லாபத்தின் மேல் மட்டும்தான். தனியாள் தனியாளுக்கு விற்றால் ஜிஎஸ்டியே கிடையாது.

கேள்வி: வீட்டில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது. அதிலேயே சார்ஜ் போடலாமா? கோடையில் சார்ஜர் அடிக்கடி சிவப்பு விளக்குக் காட்டி நின்றுவிடும் என்கிறார்களே?
- வாசகி, பென்னாகரம்

பதில்: போடலாம், ஆனால் ஏசிக்கும் கிரைண்டருக்கும் போட்ட லைனில் வேண்டாம். மீட்டர் போர்டிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்) என்று தனி லைன் இழுங்கள். சார்ஜர் எட்டு மணி நேரம் விடாமல் 15 ஆம்பியர் அளவில் இழுக்கும். மலிவான பிளக் சூட்டில் உருகி, பின்னின் அடி கறுத்துவிடும். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது.

சிவப்பு விளக்குக்குப் பெரும்பாலும் காரணம் எர்த்து. நம் பக்கம் பாறை மண், பங்குனி, சித்திரையில் எர்த்துக் குழி காய்ந்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எலக்ட்ரீஷியனை வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 5-ஐத் தாண்டினால் சார்ஜர் மறுக்கும், மறுப்பதும் உங்கள் உயிரைக் காக்கத்தான். கரியும் உப்பும் போட்டுக் குழியைப் புதுப்பித்து, கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த்து இல்லாமல் சார்ஜ் ஏற்றித் தரும் அடாப்டர் என்று கடையில் ஒன்று விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

கேள்வி: ஓசூர் ஏற்றத்தில் மின்சார காரின் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் போகும் தூரம்) பாதியாகிவிடுமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஆகாது. கிருஷ்ணகிரியை விட ஓசூர் சுமார் 400 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க 1.7 யூனிட் கூடுதலாக வேண்டும், அதாவது 12 கிலோமீட்டர் ரேஞ்ச். திரும்பி இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்கே வந்துவிடும். ரேஞ்சைத் தின்பது ஏற்றத்தை விட வேகம்தான். நான்கு வழிச்சாலையில் 80-இல் போகிறவரும் 110-இல் போகிறவரும் ஒரே சார்ஜில் ஒரே தூரம் போக முடியாது.

தொப்பூர் கணவாய் இறங்கும்போது மட்டும் ஒன்று: 100 சதவீதம் ஏற்றிய உடனே இறங்கினால் பேட்டரியில் இடமில்லாததால், இறக்கத்தில் மின்சாரத்தைத் திருப்பி ஏற்றியபடி வேகத்தைக் குறைக்கும் மோட்டார் பிரேக் பிடிக்காது, கால் பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும். மேலே தர்மபுரியில் ஏற்றுகிறவர்கள் 90-இல் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் மின்சார கார் காலையில் கிளம்பவில்லை. இப்படியும் ஆகுமா?
- வாசகர், அரூர்

பதில்: ஆகும். பூட்டுத் திறப்பதும், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சை இழுப்பதும் சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். அது செத்தால் வண்டி கிளம்பாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதன் மேல் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். மூன்று வருஷம் தாண்டியிருந்தால் புதிது போட்டுவிட்டே வண்டியை எடுங்கள். அப்படியே வண்டியைத் தூக்கி, அடியில் பேட்டரிப் பெட்டியின் தகட்டில் கல் அடித்த குழியோ, திருகு கழற்றிய தடமோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.