அழித்த பிறகும் வந்து நிற்கும் தேடல்கள்: வாசகர் கேள்வி பதில்

நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி என் ஆண்ட்ராய்டு போனில் தேடிப் படித்து வருகிறேன். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. குரோமில் ஹிஸ்டரியை அவ்வப்போது அழித்துவிடுவேன். ஆனாலும் சென்ற வாரம் என் நாத்தனார் போனை வாங்கித் தேடல் பெட்டியைத் தொட்டதுமே, என் பழைய தேடல்கள் வரிசையாக வந்துவிட்டன. அழித்தது எப்படித் திரும்பி வந்தது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

அது திரும்பி வரவில்லை, சகோதரி. நீங்கள் அழித்தது ஒரு பிரதியை மட்டும்தான். எந்தெந்தப் பக்கங்களைத் திறந்தீர்கள் என்ற பட்டியல் குரோமிடம் இருக்கிறது. எதைத் தேடினீர்கள் என்ற பட்டியல் உங்கள் கூகுள் கணக்கிலும் தனியாகச் சேர்கிறது. இரண்டாவது பட்டியல் போனில் இல்லாமல் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால், முதலாவதை எத்தனை முறை துடைத்தாலும் அது அப்படியே இருக்கும்.

முதலில் குரோம். வலப்பக்க மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ஹிஸ்டரியை அழிக்கும் இடத்துக்குப் போனால், எவ்வளவு காலத்துக்கு உரியதை அழிக்க வேண்டும் என்று கேட்கும். 15 நிமிடம் முதல் முழுக்காலம் வரை அங்கே தெரிவுகள் உண்டு. பலர் இதைக் கவனிக்காமல் அழித்துவிட்டு எல்லாம் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கீழே உள்ள குக்கீ (தளங்கள் உங்களை அடையாளம் காண போனில் வைக்கும் சிறு குறிப்பு), கேஷ் (பக்கங்கள் விரைவாகத் திறக்கச் சேமித்து வைத்த பிரதி) ஆகியவற்றையும் தேர்வு செய்யலாம். ஆனால் குக்கீயை நீக்கினால் பல தளங்களில் மறுபடியும் லாகின் செய்ய நேரும். சேமித்த பாஸ்வேர்டுகள் என்ற பெட்டி இருந்தால் அதை மட்டும், அவற்றை வேறிடத்தில் குறித்து வைத்திராதவரை, தொடாதீர்கள்.

அடுத்து, உங்கள் சிக்கலுக்கு உண்மையான காரணமான கணக்கு. கூகுள் செயலியைத் திறந்து மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் தேடல் வரலாறு என்ற பகுதி கிடைக்கும். அங்கே ஒரு நாளுக்கு உரியதையோ அனைத்தையுமோ நீக்கலாம். அதோடு நில்லாமல், தானாக அழியும் ஏற்பாட்டையும் அங்கேயே செய்துவிடுங்கள். 3, 18, 36 மாதங்கள் என மூன்று கால அளவுகள் தரப்படுகின்றன. உங்கள் தேவைக்கு 3 மாதமே சரி. 2020 ஜூனுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய கணக்குகளில் 18 மாதம் என்பது இயல்பாகவே அமைந்துவிடுகிறது. அதற்கு முந்தைய கணக்கு என்றால் நீங்களே போய்த்தான் அமைக்க வேண்டும். இந்தப் பதிவுகளைப் பார்க்கவே பாஸ்வேர்டு கேட்கும்படி செய்யும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது. யூடியூபில் பார்த்ததும் தேடியதும் தனிப் பட்டியல் என்பதால் அங்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

மூன்றாவதாக ஒரு சாட்சி இருக்கிறது, அது கீபோர்டு. நீங்கள் அடிக்கடி தட்டும் சொற்களை அது கற்றுக்கொண்டு, இரண்டு எழுத்து அடித்ததுமே மேலே காட்டிக் கொடுத்துவிடும். கூகுளின் ஜிபோர்டு என்றால், அதன் செட்டிங்ஸில் கற்ற சொற்களை அழிக்கும் வசதி உண்டு.

இவை எல்லாவற்றையும்விட உங்கள் வீட்டுச் சூழலுக்கு உதவக்கூடியது வேறொன்று. போனைப் பிறர் கேட்கும்போது மறுக்க முடியாத வீடுகளே நம்மிடம் அதிகம். ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு செட்டிங்ஸில் ஒரு செயலியை மட்டும் திரையில் பூட்டி வைக்கும் ‘ஆப் பின்னிங்’ வசதி இருக்கிறது. கேட்பவருக்கு வேண்டிய செயலியைத் திறந்து பூட்டிக் கொடுத்தால், உங்கள் பின் எண்ணை (PIN) அடிக்காமல் அதைவிட்டு வெளியே போக முடியாதபடி அமைக்கலாம். ஐபோனில் இதற்கு ‘கைடட் ஆக்சஸ்’ என்று பெயர்.

கல்லூரி விடுதியின் வைஃபையில் இன்காக்னிடோ முறையில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
மாணவர், கோவை

சரியில்லை. இன்காக்னிடோ என்பது உங்கள் போனில் தடம் விடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. அந்த டேப்களை மூடியதும் ஹிஸ்டரியும் குக்கீயும் அழிந்துவிடும், அவ்வளவுதான். வைஃபையை நிர்வகிப்பவருக்கும் இணைய சேவை தரும் நிறுவனத்துக்கும், முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்கும் தளங்களில் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது தெரியாவிட்டாலும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். லாகின் செய்துவிட்டால் அந்தத் தளத்துக்கு நீங்கள் யார் என்பதே தெரிந்துவிடும். இந்தக் குழப்பம் உங்கள் நண்பர்களுக்கு மட்டும் உரியதன்று: இன்காக்னிடோவிலும் தங்களைப் பின்தொடர்ந்ததாகச் சொல்லி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2020இல் பயனர்கள் கூகுள் மீது வழக்கே தொடர்ந்தார்கள், 2024இல் எட்டிய சமரசத்தில், அவ்வாறு சேர்ந்த பதிவுகளை அழிக்கவும் பயனர்களுக்கான விளக்கத்தைத் திருத்தவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறேன். போட்டோக்களை டெலீட் செய்துவிட்டேன். போதுமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

போதாது, ஐயா. ஒவ்வொன்றாக அழிப்பதில் எப்போதும் ஏதாவது மிஞ்சும். வேண்டியவற்றை பேக்கப் எடுத்துக்கொண்டு, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, கூகுள் கணக்கை போனிலிருந்து நீக்கிய பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்து போனைப் புதிதாக வந்த நிலைக்குக் கொண்டுபோங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால், வாங்கியவரிடம் போன் உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கக்கூடும். கடைக்காரர் அதைச் சொல்லும்படி உங்களையே போனில் அழைப்பார். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிய போன்களில் உள்ள தகவல்கள் சாவி இல்லாமல் படிக்க முடியாத ரகசியக் குறியீடாக மாற்றியே சேமிக்கப்படுகின்றன. ரீசெட்டில் அதைத் திறக்கும் சாவி அழிந்துவிடுவதால், எஞ்சியவற்றைப் படிப்பது நடைமுறையில் இயலாது. மெமரி கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் கழற்றச் சொன்னேன்.

கடன் செயலி ஒன்று, காண்டாக்ட்ஸையும் கேலரியையும் பார்க்க அனுமதி கொடுத்தால்தான் கடன் என்கிறது. கொடுக்கலாமா?
வாசகர், ஈரோடு

கொடுக்கக் கூடாது, அந்தச் செயலியிடம் கடனும் வாங்கக் கூடாது. டிஜிட்டல் கடன் செயலிகள் காண்டாக்ட்ஸ், அழைப்புப் பட்டியல், கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றைக்கூட, கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) போன்ற தேவைக்காக, உங்கள் வெளிப்படையான சம்மதத்துடன் ஒருமுறை மட்டுமே கேட்கலாம். விதியை மீறிக் கேட்பவர், நாளை நீங்கள் தவணை தவறினால், உங்கள் உறவினர்களுக்கும் முதலாளிக்கும் செய்தி அனுப்பி அவமானப்படுத்துவதற்காகவே அந்தப் பட்டியலைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே அனுமதி கொடுத்திருந்தால், செட்டிங்ஸில் அந்தச் செயலியின் அனுமதிகளை உடனே நீக்குங்கள். ஆனால் ஏற்கெனவே அது எடுத்துச் சென்ற பட்டியல் அதனால் திரும்பி வராது. மிரட்டல் தொடங்கினால் ஸ்கிரீன்ஷாட்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் செய்யுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

ஹிஸ்டரியை ஒரே தட்டில் அழிக்கும் ‘கிளீனர்’ செயலிகளில் எது நல்லது?
வாசகி, நாகர்கோவில்

எதுவும் வேண்டாம். உலாவியில் ஏற்கெனவே இருக்கும் வசதியைச் செய்து தருவதாகச் சொல்லிக்கொண்டு, உங்கள் கோப்புகள் அனைத்தையும் பார்க்கும் அனுமதியை அவை கேட்கும். இப்போது போனில் ஏதேனும் இருந்தால், முதலில் அதை நீக்குங்கள்.