துபாய் வேலை: பழைய வங்கிக் கணக்கை அப்படியே விடலாமா?

கேள்வி: ஆகஸ்டில் துபாயில் வேலைக்குச் சேரப் போகிறேன். இரண்டு வருட விசா. மனைவியும் பெற்றோரும் தென்காசிப் பக்கம் சொந்த ஊரிலேயே இருப்பார்கள். என் பெயரில் சேமிப்புக் கணக்கு, பிபிஎஃப் எனப்படும் பொது சேமநல நிதிக் கணக்கு, ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்துத்தான் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆவேன், அதுவரை பழைய கணக்கே போதும் என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

பதில்: சரியில்லை. உங்கள் நண்பர்கள் சொல்வது வருமான வரிக்கான 182 நாள் கணக்கு. வங்கிக் கணக்குக்குப் பொருந்துவது ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். அதன்படி, வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். எனவே வங்கிக்குத் தெரிவித்து, சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வரவுகளுக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக, மாற்றிவிட வேண்டும். ஃபெமா மீறலுக்கு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வரி விஷயத்தில் உங்களுக்குச் சாதகம்தான். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான நாட்களோடு விடுமுறைக்கு வரும் நாட்களையும் சேர்த்து 182-க்குக் குறைவாக இருந்தால், துபாய் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. டிசம்பரில் கிளம்புகிறவருக்கு அந்த வருடம் நிலைமை வேறு.

அப்புறம், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைப்பதற்கான என்ஆர்ஈ கணக்கு ஒன்றும் தொடங்குங்கள். சம்பளத்திலிருந்து அனுப்பும் பணம் இதில்தான் வர வேண்டும். இதன் வட்டிக்கு வரி இல்லை. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் துபாய்க்குத் திரும்பக் கொண்டுபோகலாம். என்ஆர்ஓ வட்டியிலோ 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக்கொள்வார்கள். அதிலிருந்து வெளியே அனுப்ப வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரம்பு உண்டு, ஆடிட்டர் சான்றிதழ் போன்ற காகித வேலையும் சேர்ந்துகொள்ளும். குத்தகைப் பணம் மாதிரி உள்ளூர் வரவுகளுக்கு மட்டும் அது போதும்.

பலர் தவறுகிற இடம் இன்னொன்று இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு மனைவியின் கணக்குக்குப் பணம் அனுப்புவதில் தவறே இல்லை. ஆனால் மிச்சத்தை அவர் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டால், அந்த வட்டியை உங்கள் வருமானமாகச் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். அதே பணம் உங்கள் என்ஆர்ஈ டெபாசிட்டில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அவசரத்துக்கு மனைவி பணம் எடுக்க வேண்டுமே என்றால், உங்கள் கணக்கை அவர் இயக்க அனுமதிக்கும் 'மேண்டேட்' கடிதத்தை வங்கியில் கொடுத்துவிடுங்கள். உள்ளூர்ச் செலவுகளுக்கு அவரே எடுத்துக்கொள்ளலாம்.

பிபிஎஃப் கணக்கை 15 வருடம் முடியும் வரை தொடரலாம், அதற்குமேல் நீட்டிக்க முடியாது. வயல் உங்களுடையதாகவே இருக்கும். பக்கத்து வயல் விலைக்கு வருகிறது என்று ஆசைப்பட வேண்டாம். என்ஆர்ஐ விவசாய நிலம் வாங்க அனுமதி இல்லை. இருப்பதை விற்பதானாலும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

வயலைப் பார்த்துக்கொள்ள யாருக்காவது பவர் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பதாக இருந்தால், கிளம்பும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். குத்தகை பேசுவது, வரி கட்டுவது என்று தேவையான அதிகாரத்தை மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சொந்தக்காரர்களுக்குக்கூடக் கொடுக்காதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. இங்கே முடியாமல் போனால் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.