சலாஹுத்தீன் அய்யூபி: கேள்விகளும் பதில்களும்

ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவச் சிலுவைப்படையினரிடமிருந்து 1187இல் ஜெருசலேமை மீட்ட சுல்தான் சலாஹுத்தீனைப் பற்றி யார் எது கேட்டாலும் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் ஏழுக்கு இங்கே பதில்.

அவர் அரபியரா, துருக்கியரா? எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முடிவே வரவில்லை.

இரண்டும் இல்லை, குர்து இனத்தவர். இன்றைய இராக்கில் உள்ள திக்ரித்தில் 1137 அல்லது 1138இல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யூசுஃப். சலாஹுத்தீன் என்பது பட்டம்தான். அப்பா பெயர் அய்யூப் என்பதால் வம்சத்துக்கே அய்யூபிகள் என்று பெயர் வந்தது.

எகிப்தைப் போரிட்டுப் பிடித்தாரா?

அப்படிச் சொல்ல முடியாது. சிரியாவை ஆண்ட நூருத்தீன், சலாஹுத்தீனின் சித்தப்பா ஷிர்கூவைப் படையோடு எகிப்துக்கு அனுப்பினார். கூடவே இவரும் போனார். 1169இல் ஷிர்கூ அங்கே வசீர், அதாவது தலைமை அமைச்சர் ஆகி, இரண்டே மாதத்தில் இறந்துவிட்டார். அந்தப் பதவி முப்பதை அப்போதுதான் தாண்டியிருந்த இவருக்கு வந்தது. சின்னப் பையன், சொன்னபடி கேட்பான் என்று கெய்ரோ அரண்மனையில் கணக்குப் போட்டார்கள். இவரோ 1171இல் எகிப்தை ஆண்ட பாத்திமிய கிலாபத்தையே முடித்துவைத்தார்!

1174இல் டமாஸ்கஸ் கைக்கு வந்துவிட்டதே. ஜெருசலேமை மீட்க இன்னும் 13 வருடம் ஏன்?

முக்கியமான கேள்வி. அந்த வருடங்களில் பாதிக்கு மேல் அவர் மோதியது முஸ்லிம் ஆட்சியாளர்களோடுதான். நூருத்தீன் இறந்ததும் அவருடைய வாரிசுகளின் கையில் இருந்த ஊர்களை ஒவ்வொன்றாக வளைத்தார். அலெப்போ 1183இல்தான் கிடைத்தது, மோசுல் 1186இல் பணிந்தது. நடுவில் 1177இல் மோன்ஜிசாரில் சிலுவைப்படையிடம் படுதோல்வி. எதிரில் நின்ற ஜெருசலேம் அரசன் நான்காம் பால்டுவினுக்கு வயது பதினாறு, தொழுநோயாளி. அன்று சலாஹுத்தீன் உயிர் தப்பியதே பெரிய விஷயம். இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விட்டால், 1187இல் சிலுவைப்படையை முறியடித்த ஹத்தீன் போர் ஏதோ மந்திரத்தில் நடந்த மாதிரி தெரியும். எகிப்து, சிரியா, மோசுல் படைகள் ஒரே கொடியின் கீழ் நின்றதால்தான் அது நடந்தது.

ஹத்தீனில் அப்படி என்னதான் நடந்தது, அண்ணா?

தண்ணீர்தான் தம்பி. சிலுவைப்படை சஃபூரியாவில், நீரூற்றுப் பக்கம் பத்திரமாக இருந்தது. அதை அங்கிருந்து கிளப்ப வேண்டும். அதற்காக சலாஹுத்தீன் ஏரிக்கரையில் இருந்த திபேரியாஸ் ஊரை முற்றுகையிட்டார். அதைக் காப்பாற்ற 1187 ஜூலை 3 அன்று, கொளுத்தும் வெயிலில், கவசத்தோடு அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். ஏரி கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் போய்ச் சேர முடியவில்லை. இரவெல்லாம் தாகம். இவருடைய ஆட்களுக்கோ ஒட்டகங்கள் ஏரியிலிருந்து தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வந்தன. காய்ந்த புல்லுக்கும் தீ வைத்தார்கள், புகை எதிரி முகத்தில் அடித்தது. மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்புறம் கூடாரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிறைப்பட்ட, ஜெருசலேமின் அப்போதைய அரசன் கீ-க்குக் குளிர்ந்த பானம் கொடுத்தார் சலாஹுத்தீன். அரசன் குடித்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருந்த ரெனால்ட் என்ற சிலுவைப்படைப் பிரபுவிடம் நீட்டினான். உடனே சலாஹுத்தீன், இவனுக்குக் கொடுத்தது நீதான், நான் அல்ல என்று சொல்லிவிட்டார். கைதிக்குத் தன் கையால் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கு அபயம் கொடுத்ததாகும், அது அந்தக் கால வழக்கம். ரெனால்டோ உடன்படிக்கைக் காலத்திலேயே வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்தவன். அவனைத் தன் வாளாலேயே வெட்டினார்.

ஜெருசலேமில் காட்டிய கருணை பிற்காலத்தில் கட்டிய கதை என்கிறார்களே?

கதை இல்லை. ஆனால் பாதியை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். 1099இல் சிலுவைப்படை நுழைந்தபோது அங்கே நடந்தது பெரும் படுகொலை. அதற்குப் பழி வாங்குவேன் என்றுதான் முதலில் சொன்னார். ஊரைக் காத்து நின்ற பாலியன், அப்படியானால் உள்ளே இருக்கும் முஸ்லிம் கைதிகளைக் கொன்று புனிதத் தலங்களை இடித்துவிட்டுத்தான் சாவோம் என்றான். அதன் பிறகே பேச்சுவார்த்தை. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 என்று மீட்புப் பணம் முடிவானது. 1187 அக்டோபர் 2 அன்று நகரம் கைமாறியது. தலைமைப் பாதிரியார் தனக்கான 10 தீனாரைக் கட்டிவிட்டு, வண்டி வண்டியாகப் பொன்னோடு வெளியேறினார். அதைப் பறிக்கச் சொன்னார்கள், கொடுத்த வாக்கை மீறமாட்டேன் என்றுவிட்டார் சலாஹுத்தீன். தம்பி அல்-ஆதில் ஆயிரம் ஏழைகளைத் தனக்குக் கேட்டு வாங்கி, அங்கேயே விடுவித்தார். இவரும் முதியவர்கள் பலரைப் பணமில்லாமல் போகவிட்டார். ஆனாலும் பணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். ஹத்தீனுக்குப் பிறகு டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற துறவி வீரர் அமைப்புகளைச் சேர்ந்த சுமார் இருநூறு பேரைக் கொல்லச் சொன்னவரும் இவரே. நேசிக்கிறவர்கள்தான் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு சின்ன விஷயம்: சிலுவைப்படையினரை அரபு நூல்கள் ‘ஃபரஞ்ச்’ என்கின்றன. நம் பறங்கியும் பறங்கிப்பேட்டையும் அதே சொல்லின் வழி வந்தவைதான்.

ஜெருசலேமை மீட்கப் படையோடு வந்த இங்கிலாந்து அரசன் ரிச்சர்டும் இவரும் நேரில் சந்தித்தார்களா?

இல்லை, ஒருமுறைகூட இல்லை. தூது போனது, பழமும் பனியும் போயின, பேச்சுவார்த்தை நடத்தியது அல்-ஆதில். 1192இல் மூன்றாண்டு உடன்படிக்கை ஆனது. ஜெருசலேம் இவரிடமே இருந்தது, கிறிஸ்தவ யாத்ரீகர்கள் வந்துபோக வழி திறந்தது.

இறக்கும்போது கஜானாவில் ஒன்றுமே இல்லையாமே, உண்மையா?

1193 மார்ச் 4, டமாஸ்கஸ். கடைசி ஆண்டுகளில் கூடவே இருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதியிருக்கிறார்: அவருடைய சொந்தக் கருவூலத்தில் இருந்தவை 47 வெள்ளி திர்ஹமும் ஒரே ஒரு பொற்காசும். வீடு, தோட்டம், நிலம் எதுவும் இல்லை. எகிப்து முதல் மோசுல் எல்லை வரை வரி வந்தது, வந்ததெல்லாம் படைக்கும் கேட்டவர்களுக்கும் போய்விட்டது. அடக்கத்துக்கு மண் குழைக்க வேண்டிய வைக்கோலுக்குக்கூடக் கடன்தான் வாங்கினார்களாம். அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உமையா பள்ளிவாசலை ஒட்டிய சின்னக் கட்டடத்தில் அவர் கப்ரு இருக்கிறது. உள்ளே இரண்டு பேழைகளைப் பார்க்கலாம். 1898இல் வந்துபோன ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் அன்பளிப்பு பளிங்குப் பேழை, அது காலி. சலாஹுத்தீன் இருப்பது பழைய மரப்பேழையின் பக்கம்தான்.