இதயத் துடிப்புக் கேள்வி-பதில்: சான்றிதழ் முதல் பற்றறி வரை

தாதிய உத்தியோகத்தர்களும் இ.சி.ஜி. பதிவாளர்களும் அனுப்பிய கேள்விகளில் ஏழு இம்முறை. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

இணையவழிப் பயிற்சிகள் நிறைய வருகின்றன. ஒன்றில் ‘1 சி.ஈ.யூ.’ (தொடர்கல்வி அலகு) என்கிறார்கள், இன்னொன்றில் ‘10 கொன்ராக்ற் மணி’ (பயிற்சியில் செலவிடும் மணி) என்கிறார்கள். எது பெறுமதி? (யாழ்ப்பாணம்)

இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். தொடர்கல்விக்கு அளவு வகுக்கும் ஐ.ஏ.சி.ஈ.ரி. அமைப்பின் முறையில் 1 சி.ஈ.யூ. என்பது 10 மணி நேரப் பயிற்சி. ஆனால் 1 மணி நேரத்தையே 1 சி.ஈ.யூ. என்று எழுதும் அமைப்புகளும் உண்டு. ஆகவே எண்ணைப் பார்த்து மயங்காமல், எத்தனை மணி நேரம், எந்த அமைப்பின் அங்கீகாரம் என்ற இரண்டையும் கேளுங்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஏ.எம்.ஏ. வகை 1’ புள்ளிகள் மருத்துவர்களுக்கானவை. அந்த வகுப்பில் இருந்த தாதிக்குப் பெரும்பாலும் கலந்துகொண்டதற்கான சான்றிதழ்தான் கிடைக்கும்.

பரீட்சை எழுத நினைப்பவர்கள் தங்கள் அன்றாட வேலையோடு பொருந்துவதைத் தெரிய வேண்டும். பேஸ்மேக்கர், ஐ.சி.டி. (ஆபத்தான தாளத்தை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் உள்பொருத்திய கருவி) பரிசோதனையில் இருப்பவருக்கு, இதயத் தாளத் துறையில் பரீட்சை வைக்கும் ஐ.பி.எச்.ஆர்.ஈ. அமைப்பு நடத்தும் சி.சி.டி.எஸ்.; மின் உடலியல் ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு அதே அமைப்பின் சி.ஈ.பி.எஸ். மொனிற்றரும் இ.சி.ஜி.யுமே வேலை என்றால் சி.சி.ஐ. என்ற அமைப்பின் சி.ஆர்.ஏ.ரி. பரீட்சை போதும். புரோகிராமரை (பேஸ்மேக்கரின் செற்றிங்கை வெளியிலிருந்து பார்த்து மாற்றும் கணினியை) கையால் தொடாதவர் சி.சி.டி.எஸ்.ஸுக்குப் பணம் கட்டுவது வீண் என்பதே எங்கள் கருத்து. கட்டணம் டொலரில், கேள்விகள் ஆங்கிலத்தில். பதவி உயர்வுக்கு அது கணக்கில் எடுக்கப்படுமா என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள். பட்டம்தான் நோக்கமென்றால் வேலையை விடாமலே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் படிக்கலாம்.

எங்கள் இ.சி.ஜி. இயந்திரத்தில் கோடு தடித்து, மயிர்க்கொட்டிபோல் வருகிறது. ஃபில்ற்றரைப் போட்டால் அழகாகிறது. போடலாமா? (சாவகச்சேரி)

எந்த ஃபில்ற்றர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம் 60இல் இருந்தால், மின்சார இரைச்சலை வெட்டும் ஏ.சி. ஃபில்ற்றர் போட்டும் பயனில்லை. செற்றிங்கில் 50 ஆக்கினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பற்றறியில் எடுத்துப் பாருங்கள். கோடு சுத்தமானால் குறை ஏர்த்தில் அல்லது பிளக்கில், பொறுப்பானவருக்கு அறிவியுங்கள். சுத்தமாகாவிட்டால் கட்டிலின் மின்வயரும் நோயாளியின் லீட் வயர்களும் பின்னிக் கிடக்கின்றனவா, தலையணைக்குக் கீழே தொலைபேசி சார்ஜரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது எலக்ட்ரோட். எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. லீட் (இரு எலக்ட்ரோட்டுகளுக்கு இடையிலான மின் வித்தியாசத்தைக் காட்டும் கோடு) 1, 2 இரண்டிலும் இரைச்சல், 3 சுத்தம் என்றால் வலது கை. 1, 3 கெட்டு 2 சுத்தமென்றால் இடது கை. 2, 3 கெட்டு 1 சுத்தமென்றால் இடது கால். கைநடுக்கமுள்ள முதியவரின் பதிவு ஏட்ரியல் ஃபிளட்டர் (இதய மேலறைகள் மிக வேகமாகத் துடிக்கும் தாளக்கோளாறு) போலத் தோன்றும்போதும் இதே கணக்குத்தான்: பார்க்கின்சன் நடுக்கம் செக்கனுக்கு 4 முதல் 6 தடவை, 5 என்றால் நிமிடத்துக்கு 300, ஃபிளட்டரின் வேகமேதான். நடுக்கம் வலது கையில் மட்டுமென்றால் லீட் 3இல் பி அலை (மேலறைகளின் அலை) தெளிவாக நிற்கும்.

தசை ஃபில்ற்றர் வேறு விடயம். 40 ஹேர்ட்ஸில் வெட்டினால் கோடு அழகாகும். கூடவே பேஸ்மேக்கர் ஸ்பைக்கும் (அதன் மின் தூண்டலைக் காட்டும் கூரிய கோடு) கியூ.ஆர்.எஸ்.ஸின் (கீழறைகளின் அலை) சிறு பிளவுகளும் மறையும். வயது வந்தோரின் நோயறிதல் பதிவுக்கு மேல் எல்லை 150 ஹேர்ட்ஸ், கீழ் எல்லை 0.05. கீழ் எல்லையை 0.5க்கு உயர்த்தினால் எஸ்.ரி. பகுதி (கியூ.ஆர்.எஸ்.ஸுக்கும் ரி அலைக்கும் இடைப்பட்டது, மாரடைப்பைத் தேடும் இடம்) பொய் சொல்லக்கூடும். மொனிற்றர் திரையில் எஸ்.ரி. ஏறித் தெரிந்து 12 லீட் எடுத்ததும் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லீட் 1 தலைகீழாக வந்தது. இதயம் வலப்பக்கம் என்று எழுதிவிடலாமா?

எழுதாதீர்கள். நெஞ்சு லீட்களை, வி1இலிருந்து வி6 வரை, பாருங்கள். ஆர் அலை (கியூ.ஆர்.எஸ்.ஸின் மேல்நோக்கிய பகுதி) வழமைபோல வளர்ந்துகொண்டே போனால் இதயம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, இரு கை வயர்களும்தான் மாறியிருக்கின்றன. வி6ஐ நோக்கி ஆர் தேய்ந்துகொண்டே போனால் வலப்பக்க இதயத்தைப் பற்றி யோசிக்கலாம். லீட் 2 மட்டும் ஏறத்தாழ நேர்கோடாகக் கிடந்தால் வலது கை வயர் வலது காலுக்குப் போயிருக்கிறது: லீட் 2 அப்போது இரு கால்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது, அது கிட்டத்தட்டப் பூச்சியம்.

நன்கொடையாக வந்த இயந்திரம் இருக்கும் இடங்களில் நிறத்தை நம்ப வேண்டாம். ஐரோப்பிய முறையில் சிவப்பு வலது கை. அமெரிக்க முறையில் சிவப்பு இடது கால். ஐரோப்பியக் கறுப்பு வலது கால், அமெரிக்கக் கறுப்பு இடது கை. வயரின் நுனியில் உள்ள எழுத்தை வாசித்து மாட்டுங்கள். எழுத்து அழிந்திருந்தால் இன்றே பிளாஸ்ரர் ஒட்டி எழுதுங்கள்.

காய்ச்சலோடு வந்த பெண்ணுக்கு இயந்திரம் கியூ.ரி.சி. 465 என்று அச்சிட்டது. மருந்தை நிறுத்தவா என்று மருத்துவரை எழுப்ப வேண்டுமா? (பருத்தித்துறை)

கியூ.ரி. என்பது கியூ.ஆர்.எஸ். தொடங்கி ரி அலை முடியும் வரையான நேரம், கியூ.ரி.சி. அதைத் துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய எண். எழுப்புமுன் துடிப்பு வேகத்தைப் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்கள் பாஸெற் சூத்திரத்தில் கணிக்கின்றன; அது வேகமான துடிப்பில் மிகைப்படுத்தும். கணக்கைப் போடுவோம். வேகம் 100 என்றால் ஆர்-ஆர் இடைவெளி (அடுத்தடுத்த இரு ஆர் அலைகளுக்கு இடையிலான நேரம்) 0.6 செக்கன். அளந்த கியூ.ரி. 360 மில்லி செக்கன். பாஸெற்: 0.6இன் வர்க்கமூலம் 0.775, 360ஐ அதனால் வகுக்க விடை 465. ஃபிரெடெரிசியா என்ற மற்றச் சூத்திரம்: 0.6இன் கனமூலம் 0.843, அதனால் வகுக்க விடை 427. நோயாளி ஒருவர், பதிவு ஒன்று, விடை இரண்டு. பெண்களுக்கு 460ஐத் தாண்டினால் நீளம் என்று கொள்வதால் முதல் விடை பயமுறுத்துகிறது, இரண்டாவது ஆறுதல் தருகிறது. இரண்டையும் எழுதி, எந்தச் சூத்திரம் என்றும் எழுதுங்கள்.

கையால் அளக்க லீட் 2 அல்லது வி5. ரி அலையின் இறங்கு சரிவுக்கு ஒரு தொடுகோடு வரையுங்கள். அது அடிக்கோட்டை வெட்டும் இடமே கியூ.ரி.யின் முடிவு. பின்னால் வரும் சிறிய யூ அலையைச் சேர்க்காதீர்கள், இயந்திரம் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். துடிப்பு ஒழுங்கில்லாமல் வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஒரு துடிப்பை நம்பாமல் பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ‘கியூ.ரி. ஆர்-ஆரின் பாதிக்குள் இருந்தால் சரி’ என்ற பழைய கணக்கு வேகமான துடிப்பிலும் மெதுவான துடிப்பிலும் ஏமாற்றும்.

கியூ.ரி.சி. 500ஐத் தாண்டினால் நேரம் பார்க்காமல் எழுப்புங்கள். எழுப்பும்போது மருந்து அட்டை கையில் இருக்கட்டும்: கியூ.ரி.யை நீட்டும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஒண்டான்செற்றோன், டொம்பெரிடோன், ஹலோபெரிடோல் இவற்றில் இரண்டு ஒன்றாக ஓடுகின்றனவா? பொற்றாசியம், மக்னீசியம் கடைசியாக எப்போது பார்த்தது? தொலைபேசியில் முதலில் கேட்கப்படுவது இவைதான்.

அலரி விதை நச்சோடு வருபவர்களின் முதல் இ.சி.ஜி. பல தடவை சாதாரணமாக இருக்கிறது. எதைக் கவனிப்பது?

வடக்கில் மொனிற்றர் பார்க்கும் எவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. வெளிநாட்டு இணைய வகுப்புகளில் பெரும்பாலும் கிடைக்காது. மஞ்சள் அலரியில் இருப்பது, இதய மருந்தான டிகொக்சின் இனத்தைச் சேர்ந்த நச்சு. சைனஸ் (துடிப்பு இயல்பாகத் தொடங்கும் இடம்) வேகம் குறைதல், சைனஸ் நின்றுபோதல், பி.ஆர். (மேலறையிலிருந்து கீழறைக்குத் தூண்டல் போகும் நேரம்) நீண்டு ஏ.வி. தடையாதல் (அந்தத் தூண்டல் தடைப்படுதல்) என்று போகும். முதல் பதிவு சரியாக இருந்தது என்பது எந்த உத்தரவாதமும் அல்ல. குறைந்தது 24 மணி நேரம் தொடர் மொனிற்றர், இடையிடையே 12 லீட். ஒவ்வொரு பதிவிலும் நேரத்தையும் அந்நேரத்துப் பொற்றாசியத்தையும் எழுதினால் போக்கு கண்ணில் படும். ஏறுகின்ற பொற்றாசியம் கெட்ட அறிகுறி. டிகொக்சின் இரத்தப் பரிசோதனை ‘உண்டு’ என்று காட்டலாம். ‘எவ்வளவு’ என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது. நோயாளியை வேறிடம் அனுப்பும்போது ‘அலரி’ என்ற சொல் கடிதத்தின் முதல் வரியில் இருக்கட்டும், நச்சுமுறி மருந்தான டிகொக்சின் எதிர்ப்பு ஃபாப்பைப் பற்றிய முடிவு அதில் தங்கியிருக்கிறது. துடிப்பு சீரானதும் வேலை முடியவில்லை: உளநலப் பிரிவுக்குக் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

தற்காலிக பேஸ்மேக்கர் பெட்டியில் தினமும் என்ன பார்ப்பது? சென்சிற்றிவிற்றி எண்ணைக் கூட்டினால் உணர்வு கூடுமா?

குறையும். இந்த எண் குழப்பாத ஆளில்லை. கிடுகு வேலியை நினையுங்கள். 5 மில்லிவோல்ற் உயரமான வேலி. பெட்டி அதற்கு மேலே தலைகாட்டும் அலையை மட்டுமே காணும். 2 மில்லிவோல்ற் பதிந்த வேலி. சிறிய அலையும் தெரியும், பக்கத்து வீட்டுத் தசைத்துடிப்பும் தெரிந்துவிடும்.

தினசரிப் பார்வையில் பற்றறி, வயர் இணைப்பு, செருகிய இடத்தின் தோல், பிறகு திரெஷோல்ட் (இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான மிகக் குறைந்த வெளியீடு). நோயாளிக்குச் சொந்தத் துடிப்பு இருந்தால் அதைவிட 10 கூட்டி வேகத்தை வைத்து, வெளியீட்டை மெதுவாக இறக்குங்கள். ஸ்பைக் இருக்கும், கியூ.ஆர்.எஸ். விழுந்துவிடும், அந்த இடத்துக்குச் சற்று மேலேதான் திரெஷோல்ட். புதிதாக வைத்த வயரில் 1 மில்லி அம்பியருக்குக் கீழே இருப்பது நல்லது. வெளியீட்டை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கில் வையுங்கள். நேற்று 0.8, இன்று 2 என்றால் வயர் நகர்ந்திருக்கலாம், பொற்றாசியம் ஏறியிருக்கலாம், அமிலத்தன்மை கூடியிருக்கலாம். சொந்தத் துடிப்பே இல்லாதவரில் இதை மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம்.

ஸ்பைக்குக்குப் பின்னால் ஏதோ கோணல் தெரிகிறது என்பதற்காக, தூண்டலை இதயம் பிடித்துவிட்டது என்று எழுதாதீர்கள். நாடியைத் தொட்டு எண்ணுங்கள், அல்லது விரல் ஒட்சிசன் மானியின் அலையோடு ஒப்பிடுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் போகும் பேஸ்மேக்கர்காரருக்குக் காந்தம் வைத்தால் போதுமா?

பேஸ்மேக்கர் என்றால் காந்தம் பொதுவாக அதை நிலையான வேகத்தில் ஓடவைக்கும்: மெட்ரோனிக் நிறுவனத்தின் கருவியில் நிமிடத்துக்கு 85, பொஸ்ரன் சயன்ரிஃபிக்கில் 100, பற்றறி தீரும்போது அது முறையே 65, 85 ஆக இறங்கும். ஐ.சி.டி. என்றால் காந்தம் பொதுவாக அதிர்ச்சியை மட்டுமே நிறுத்தும், துடிப்புக் கொடுக்கும் முறை மாறாது. ஐ.சி.டி.யை நம்பியே துடிக்கும் நோயாளிக்கு இதனால்தான் புரோகிராமர் தேவை. டயதேர்மியின் (மின்சாரத்தால் வெட்டும் சத்திரசிகிச்சைக் கருவி) தட்டை, மின்னோட்டம் கருவியைக் கடக்காத இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். காந்தத்தை எடுத்ததும் மொனிற்றரில் பழைய தாளம் திரும்பியதைக் கண்டு பதிந்துவிட்டு நோயாளியை வார்ட்டுக்கு அனுப்புங்கள். காந்தம் யாரிடம் இருக்கிறது என்று தேடும் நிலை வராமல் அதற்கு ஓர் ஆணியில் இடம் வையுங்கள், இரும்பு அலுமாரியில் ஒட்டி வைத்தாலும் சரிதான்.