ரிங் தியேட்டர் தீ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1881இல் எரிந்த வியன்னா ரிங் தியேட்டர் பற்றி உங்கள் உரையில் போகிறபோக்கில் சொன்னீர்கள். தேடிப் படித்தேன். ஜனங்கள் முண்டியடிக்காமல் வரிசையாக வெளியேறியிருந்தால் பிழைத்திருப்பார்கள் இல்லையா? கூட்டம் சேர்ந்தால் புத்தி போய்விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கும்மிருட்டில் எங்கே வரிசை கட்டுவது? டிசம்பர் 8 மாலை, இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் ஓபரா தொடங்குவதற்கு முன்பே, மேடையின் கேஸ் விளக்குகளைப் பற்றவைக்கும்போது மேலே தொங்கிய துணிகளில் தீ பிடித்தது. தீயை மேடையோடு தடுக்க வேண்டிய இரும்புத் திரை இறங்கவில்லை. கேஸை மூடினார்கள், கட்டடம் முழுக்க இருண்டது. இப்படியொரு நேரத்துக்கென்றே வைத்த எண்ணெய் விளக்குகளை யாரும் ஏற்றியிருக்கவில்லை. கதவுகளோ உட்பக்கமாகத் திறப்பவை. பின்னாலிருந்து தள்ளத் தள்ள இறுகும். குறுகிய மனையில் உயர உயரக் கட்டிய தியேட்டர் வேறு. மேல்மாடத்தில் இருந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். அவர்கள் எந்தப் புத்தியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறீர்கள்?

எனக்கு ஆறாதது வாசலில் நடந்தது. ‘எல்லோரையும் காப்பாற்றியாயிற்று’ என்று போலீஸ் தரப்பில் சொல்லிவிட்டார்கள். அதை நம்பி மீட்பு தாமதமானது. அரசுக் கணக்கில் மட்டும் 384 பேர் பலி. உதாரணம் வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு நடந்தது. மேயர் நியூவால்ட் பதவி விலகினார். தியேட்டர் இயக்குநர் ஃப்ரான்ஸ் யாவ்னருக்குச் சில மாதச் சிறை. அதையும் முழுதாக அனுபவிக்கவில்லை, மன்னிப்பு கிடைத்துவிட்டது. அந்த மனையில் பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசப் தன் செலவில் ஒரு குடியிருப்பு கட்டி, வாடகையை தர்மத்துக்கு விட்டார். சாவு விழுந்த இடம் என்று பலர் தயங்க, புதிதாகக் கல்யாணமான ஒரு டாக்டர் 1886இல் குடிவந்தார். பின்னாளில் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்ட்தான். மூத்த மகள் அங்கேதான் பிறந்தாள். அந்த வீடும் 1945 போரில் எரிந்தது. இப்போது அங்கே நிற்பது போலீஸ் தலைமையகம். (இதைக் கதையில் எழுதினால் செயற்கை என்பார்கள்.)

தீக்கு மறுநாளே டாக்டர் முண்டியும் வில்செக், லமேசான் என்ற இரண்டு பிரபுக்களும் சேர்ந்து வியன்னாவில் தன்னார்வ மீட்புச் சங்கம் தொடங்கினார்கள். அந்த நகரத்தின் ஆம்புலன்ஸ் சேவை அதிலிருந்து வளர்ந்ததுதான். அதைத் தொடங்கியவர்களும் அந்தக் கூட்டத்து ஊர்க்காரர்களே.