பெயின்ட், பாதரசம், பழைய மாத்திரை: சென்னை வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

வீட்டில் சேரும் ஆபத்தான கழிவுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் ஒரே சந்தேகத்தை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தி.நகர்: வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். பெயின்டர் பிரஷ் கழுவிய தண்ணீரையும் மீந்த எனாமலையும் வாசலோரம் கம்பி மூடி போட்ட வடிகாலில் ஊற்றிவிட்டார். எப்படியும் சாக்கடைக்குத்தானே போகிறது?

இல்லை. இதை மட்டும் எல்லோரும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சென்னையில் இரண்டு பாதைகள் தனித்தனியாக ஓடுகின்றன. கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடையில் இறங்கி, கோயம்பேடு, நெசப்பாக்கம், கொடுங்கையூர், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. தெருவோர வடிகால் மாநகராட்சியுடையது, மழைநீருக்கானது. அதன் வழியில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. உங்கள் பகுதியில் அது மாம்பலம் கால்வாயில் விழும். கால்வாய் நந்தனம் தாண்டி அடையாற்றில் சேரும். வடிகாலில் ஊற்றிய எனாமல் ஆற்றில் ஊற்றிய எனாமல்தான்.

இனி என்ன செய்யலாம்? எமல்ஷன் போன்ற தண்ணீரில் கரையும் பெயின்ட் என்றால், பிரஷை முதலில் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிட்டுக் குளியலறையில் கழுவச் சொல்லுங்கள். எனாமல் என்றால் பிரஷ் கழுவிய தின்னரை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடிவையுங்கள். ஓரிரு நாளில் கசடு அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம். மீந்த பெயின்டை யாராவது கேட் அடிக்கக் கேட்டால் கொடுத்துவிடுவதே முதல் வழி. ஆள் கிடைக்காவிட்டால் மணலோ மரத்தூளோ கலந்து, காற்றோட்டமான இடத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக் கட்டியாக்கி, மற்ற ஆபத்தான கழிவுகளோடு சேர்த்துக் கொடுங்கள்.

பழைய வீடாக இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டைச் சுரண்டும்போது வரும் தூளில் ஈயம் இருக்கலாம். சுவரை ஈரப்படுத்திவிட்டுச் சுரண்டச் சொல்லுங்கள். கீழே ஷீட் விரித்து, தூளை அள்ளிக் கட்டுங்கள். ஓஸ் பைப்பால் அடித்துத் தெருவுக்குத் தள்ள வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அண்ணா நகர்: அப்பா இறந்த பிறகு ஒரு பெட்டி நிறைய மாத்திரைகள் மீந்திருக்கின்றன. கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாமா?

வேண்டாம். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவை பாக்டீரியாக்கள். மலத்தையும் உணவுக் கழிவையும் அவை தின்று தீர்க்கும். வலி மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் முழுதாகத் தின்ன அவற்றால் முடியாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் கணிசமான அளவு அப்படியே தப்பி ஆற்றுக்குப் போகின்றன. ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீரில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வாய்ப்பு அதிகம்.

காலாவதியாகாத, பிரிக்காத அட்டைகளை அறக்கட்டளை மருத்துவமனை ஏதாவது வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள். மற்றவற்றை அட்டையோடு முழுசாகத் தூக்கிப் போடாதீர்கள். குப்பையிலிருந்து எடுத்து யாராவது சாப்பிடவோ விற்கவோ கூடும். அட்டையைக் குறுக்கே வெட்டுங்கள், சிரப்பைப் பயன்படுத்திய டீத்தூளில் கலந்து கட்டுங்கள், ஆபத்தான கழிவு என்று தனியாகக் கொடுங்கள். புற்றுநோய் வலிக்குக் கொடுத்த மார்ஃபின், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை ஏதாவது அந்தப் பெட்டியில் இருந்தால் அது வேறு விஷயம். குழந்தை கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தந்த மருத்துவமனையின் வலித்தணிப்புப் பிரிவிடமே முதலில் கேளுங்கள்.

வேளச்சேரி: பையன் கண்ணாடித் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டான். பாதரசம் தரையெல்லாம் மணி மணியாக ஓடுகிறது. கூட்டி வாஷ்பேசினில் போட்டால் போதுமா?

துடைப்பத்தைத் தொடாதீர்கள். கூட்டினால் மணிகள் இன்னும் சிறிதாக உடைந்து, ஆவியாவது அதிகமாகும். வேக்கூம் கிளீனர் அதைவிட மோசம். பையனை வேறு அறைக்கு அனுப்புங்கள். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறங்கள். கையில் தங்க மோதிரம், வளையல் இருந்தால் கழற்றி வையுங்கள்; பாதரசம் பட்டால் தங்கத்தோடு கலந்துவிடும். கையுறை போட்டு, இரண்டு அட்டைத் துண்டுகளால் மணிகளை ஒன்று சேர்த்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். மிச்சமிருக்கும் பொடி மணிகளை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து அதே புட்டியில் போடுங்கள்.

வாஷ்பேசினில் ஊற்றினால் பாதரசம் கனத்தால் குழாயின் வளைவிலேயே தங்கி, வீட்டுக்குள் மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். தெரு வடிகாலில் போட்டால், உங்கள் பகுதித் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியை 2022-ல் பெற்ற இடம் அது. சதுப்பு நிலச் சேற்றில் உள்ள பாக்டீரியாக்கள் பாதரசத்தை, உயிர்களின் உடலில் எளிதில் சேரும் நச்சான மெத்தில் பாதரசமாக மாற்றும். சின்ன மீன், பெரிய மீன், பிறகு மீனைத் தின்னும் பறவையும் மனிதரும் என்று படிப்படியாக அது செறிந்துகொண்டே போகும். கொடைக்கானலில் பாம்பார் சோலையை ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்கு நீக்குவது என்ற சண்டை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது. ஒரு வீட்டுத் தெர்மாமீட்டரில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிராம்தான். ஆனாலும் மண்ணிலோ சேற்றிலோ போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதில் மாற்றமில்லை.

குழல் விளக்கு, சிஎஃப்எல் பல்புகளிலும் சில மில்லிகிராம் உண்டு. உடைக்காமல், வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுங்கள். அடுத்த முறை டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

அம்பத்தூர்: பைக் ஆயிலை நானே மாற்றுகிறேன். பழைய ஆயிலைக் காம்பவுண்ட் ஓரம் ஊற்றினால் கரையான் வராது என்கிறார்கள்.

கரையானை விடுங்கள், உங்கள் போர்வெல் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். பயன்படுத்திய ஆயிலில் எஞ்சின் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்ததில் உண்டான நச்சுகளும் இருக்கின்றன. மழையில் வழிந்து ஓடையை அடைந்தால் தண்ணீர்மேல் படலமாகப் பரவி, காற்று உள்ளே கரைவதைத் தடுக்கும். ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, மெக்கானிக் கடையில் கொடுங்கள். அங்கே பேரலில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலந்துவிட வேண்டாம். கலந்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

மயிலாப்பூர்: வடை, அப்பளம் பொரித்த எண்ணெய்?

விஷமில்லை, ஆனால் சாக்கடைக் குழாயில் உறைந்து அடைக்கும். பாட்டிலில் சேர்த்து மூடிக் கொடுங்கள். கொஞ்சமாக இருந்தால் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடலாம்.

போரூர்: பவர் பேங்க் உப்பிவிட்டது. இன்வெர்ட்டர் பேட்டரியும் பழசாகிவிட்டது.

உப்பிய பவர் பேங்கைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, தீப்பற்றும் பொருள் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சீக்கிரம் ஒப்படையுங்கள். சாதாரணக் குப்பையோடு போனால், அமுக்கும் லாரிக்குள்ளேயே தீப்பிடிக்கக்கூடும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், விலையும் குறையும். அமிலத்தை வடிகாலில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆட்களிடம் கொடுக்காதீர்கள்.

பெரம்பூர்: நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் எல்லாம் ஒன்றாகவே விழுகிறது. எதற்கு மெனக்கெட வேண்டும்?

கோபம் நியாயமானது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டு ஆபத்துக் கழிவைத் தனி வகையாகப் பிரித்து, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றன. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்குப்படி 22 மையங்கள் வந்திருக்க வேண்டும்.

அவை வரும்வரை இந்தச் சாமான்களைத் தினமும் கொடுக்காதீர்கள். மூடியுள்ள ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள். ஒரு குடும்பத்துக்கு அது நிரம்ப மாதங்கள் ஆகும். இன்சுலின் ஊசிகளை மட்டும் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடுங்கள், ஏனென்றால் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான் அவை ஏறுகின்றன. டப்பா நிரம்பியதும் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்து, எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுப் புகார் எண் வாங்குங்கள். வார்டில் பகுதி சபை கூடும்போது, எங்கள் பகுதிக்கான மையம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.