பல் செட் ஏன் உடைகிறது? ‘மோதல் வலிமை’ எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது. மேல்தாடை முழுவதற்கும் பல் செட் அணிகிறார். கீழ்த்தாடையில் முன்பற்கள் மட்டும் அவருடைய சொந்தப் பற்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் செய்த அந்தச் செட், சென்ற ஆண்டு கழுவும்போது கை நழுவிக் குளியலறைத் தரையில் விழுந்து நடுவில் இரண்டாகிவிட்டது. ஒட்டிக் கொடுத்தார்கள். இப்போது சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில் மீண்டும் உடைந்துவிட்டது. ஒரு பல் மருந்தகத்தில் ‘ஹை இம்பேக்ட்’ (மோதலைக் கூடுதலாகத் தாங்கும்) அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் புதிதாகச் செய்யலாம் என்கிறார்கள். மற்றொன்றில் உலோகத் தகடு வைக்கச் சொல்கிறார்கள். தயாரிப்பாளர்களின் தாள்களில் மோதல் வலிமை என்று சில எண்கள் உள்ளன. ஒன்றில் ‘சார்ப்பி’ என்றும் மற்றொன்றில் ‘ஐசாட்’ என்றும் போட்டிருக்கிறது. இவற்றை எப்படிச் சோதிக்கிறார்கள்? எண் கூடுதலாக இருந்தால் செட் உடையாதா?
— வாசகி, ஈசூன்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தங்கள் தாயாரின் பல் செட் இரண்டு முறையும் ஒரே இடத்தில் உடைந்திருந்தாலும், அவை இரண்டும் ஒரே வகை உடைப்பு அல்ல. முதலாவது, கீழே விழுந்த ஒரே அடியில் நேர்ந்தது. இரண்டாவது, வாய்க்குள், மெல்லும்போது நேர்ந்தது. நீங்கள் தாளில் பார்த்த எண் முதல் வகை உடைப்பைப் பற்றியது. இரண்டாம் வகையைப் பற்றி அது மிகக் குறைவாகவே சொல்கிறது. கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சோதனையிலிருந்து தொடங்குகிறேன். சார்ப்பி, ஐசாட் ஆகிய இரண்டுமே ஊசல் சோதனைகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலோகங்களைச் சோதிப்பதற்காக உருவான இம்முறைகள் பின்னர் பிளாஸ்டிக் வகைகளுக்கும் வந்து சேர்ந்தன. பல் செட்டின் இளஞ்சிவப்பு அடித்தகடு எந்தப் பொருளால் ஆனதோ, அதே பொருளில் சிறு சட்டம் போன்ற ஒரு துண்டைத் தயாரிக்கிறார்கள். பிளாஸ்டிக்குகளுக்கான சார்ப்பி தரமுறையில் வழக்கமான அளவு 80 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிப்பு. அதன் ஒரு விளிம்பில், நடுப்பகுதியில், 45 பாகைக் கோணத்தில் ‘வி’ வடிவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு போடுகிறார்கள். வெட்டின் அடிநுனி எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்குக்கூட அளவு உண்டு. அதன் வளைவு ஆரம் 0.25 மில்லிமீட்டர். பிறகு துண்டின் இரு முனைகளையும் தாங்கிகளில் கிடையாகச் சாய்த்து வைத்து, வெட்டுக்கு நேர் பின்புறத்தில் ஊசலின் சுத்தியல் மோதும்படி விடுகிறார்கள். ஐசாட் முறையில் துண்டு செங்குத்தாக நிற்கும். அதன் கீழ்ப்பாதி இடுக்கியில் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். வெட்டு உள்ள பக்கத்தில் மேற்பாதியின் மீது சுத்தியல் மோதும்.

சுத்தியல் துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் எழும்போது, தொடங்கிய உயரத்தை எட்டுவதில்லை. அந்த உயரக் குறைவுதான் துண்டை உடைப்பதில் செலவான ஆற்றலைக் காட்டுகிறது. அந்த ஆற்றலை, வெட்டுக்குக் கீழே எஞ்சியிருந்த குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பதே மோதல் வலிமை. ஒரு கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன துண்டில் வெட்டுக்குக் கீழே எஞ்சியிருப்பது 8 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 32 சதுர மில்லிமீட்டர். உடைவதற்கு 0.08 ஜூல் செலவானது என்று வைத்துக்கொண்டால், மோதல் வலிமை சதுர மீட்டருக்கு 2.5 கிலோஜூல் ஆகிறது. 20 கிராம் எடையுள்ள ஒரு பல் செட் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவினால், தரையைத் தொடும்போது அதில் ஏறத்தாழ 0.2 ஜூல் ஆற்றல் இருக்கும். வேகம் வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர். செட் முழுவதும் ஒரு சட்டம் அல்ல, அதன் தடிப்பும் வடிவமும் வேறு என்பதால் இவ்விரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. என்றாலும், கழுவுதொட்டியின் மேலிருந்து ஓட்டுத்தரையில் விழுவது பல் செட்டுக்குச் சிறிய அடியல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

வெட்டு எதற்காக என்று நீங்கள் கேட்கலாம். வெட்டு இல்லாத துண்டு பல மடங்கு கூடுதலான ஆற்றலைத் தாங்கும். அக்ரிலிக் போன்ற பொருளில் விரிசல் ஒன்று தொடங்குவதற்குத்தான் கூடுதல் ஆற்றல் தேவை. தொடங்கிவிட்டால் அது எளிதில் ஓடிவிடும். நிஜமான பல் செட்டில் அப்படிப்பட்ட தொடக்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மேல் உதட்டின் உட்புறம் நடுவில் ஈறோடு இணையும் தசைநாருக்கு இடம் விடுவதற்காகச் செட்டின் முன்விளிம்பில் ஒரு சிறு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். உங்கள் தாயாரின் செட்டை எடுத்துப் பார்த்தால், உடைப்புக்கோடு பெரும்பாலும் அந்தப் பள்ளத்திலிருந்துதான் தொடங்கியிருக்கும். முன் இரு பற்களுக்கு இடையே இறங்கி, அண்ணத்தின் நடுவழியே பின்னோக்கிச் சென்றிருக்கும். ஆகவே வெட்டு போட்டுச் சோதிப்பதே வாய்க்குள் உள்ள நிலைமைக்கு அருகில் வருகிறது.

இதனால்தான் எண்களை ஒப்பிடும்போது கவனம் தேவைப்படுகிறது. வெட்டு இல்லாத துண்டின் எண்ணை ஒரு தாளிலும், வெட்டு உள்ள துண்டின் எண்ணை மற்றொரு தாளிலும் படித்துவிட்டு முதலாவது பன்மடங்கு வலிமையானது என்று முடிவு செய்வது தவறாகும். சார்ப்பி எண்ணையும் ஐசாட் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்ப்பதும் சரியல்ல. ஐசாட் சோதனைக்கான அமெரிக்கத் தரமுறையில் முடிவு ஒரு மீட்டருக்கு இத்தனை ஜூல் என்று வருகிறது; பன்னாட்டுத் தரமுறையில் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோஜூல் என்று வருகிறது. மேலும், அக்ரிலிக் நீரை உறிஞ்சும் பொருள் என்பதால், உலர்ந்த துண்டைச் சோதித்த முடிவும், பல நாள் நீரில் ஊறவைத்த துண்டைச் சோதித்த முடிவும் வேறுபடும். ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே அளவில், ஒரே வெட்டோடு, ஒரே ஈரநிலையில் சோதிக்கப்பட்ட பொருள்களின் எண்களை மட்டுமே நான் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

பல் செட் அடித்தகட்டுப் பொருள்களுக்கென்றே ஐஎஸ்ஓ 20795-1 என்ற பன்னாட்டுத் தரமுறை உள்ளது. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, சூட்டில் கெட்டியாகும் வழக்கமான அக்ரிலிக்குக்குக் குறைந்தது 65 மெகாபாஸ்கல் வளைவு வலிமையும் (வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு), சூடில்லாமல் தானே கெட்டியாகும் வகைக்குக் குறைந்தது 60 மெகாபாஸ்கலும் கேட்கிறது. மோதலைத் தாங்கும் திறன் மேம்பட்டது என்று ஒரு தயாரிப்பாளர் கூறிக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருள் கூடுதலாக ஒரு சோதனையில் தேற வேண்டும். அது ஊசல் சோதனை அன்று. துண்டில் மிகக் கூர்மையான விரிசல் ஒன்றை முன்கூட்டியே ஏற்படுத்தி, அதை நீரில் ஊறவைத்து, பிறகு மெதுவாக வளைத்து, அந்த விரிசல் முழுவதும் ஓடி முடிய எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று அளக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 900 ஜூல் என்பது குறைந்தபட்சத் தேவை. உங்கள் பல் மருத்துவரிடம் நீங்கள் கேட்பதற்கு உகந்த கேள்வி, இந்தப் பொருள் அந்தத் தரமுறையின் ‘மேம்பட்ட மோதல் தாங்குதிறன்’ பிரிவில் தேறியதா என்பதே.

‘ஹை இம்பேக்ட்’ வகை உண்மையிலேயே வேறுபட்ட பொருள்தான். சாதாரண அக்ரிலிக், பாலிமெதில் மெதாக்ரிலேட், 1930களின் பிற்பகுதியிலிருந்து பல் செட்டுகளுக்குப் பயன்பட்டு வருகிறது. அதற்கு முன்பிருந்த வல்கனைட் எனும் கெட்டி ரப்பரை அதன் இயல்பான நிறமும் எளிதான செய்முறையும் ஓரங்கட்டின. மேம்பட்ட வகையில், அந்த அக்ரிலிக்குக்குள் பியூட்டாடையீன்-ஸ்டைரீன் ரப்பரின் நுண்துகள்கள் வேதியியல் முறையில் பிணைக்கப்பட்டுப் பரவியிருக்கும். ஓடிவரும் விரிசல் இத்துகள்களைச் சந்திக்கும்போது அதன் ஆற்றல் உறிஞ்சப்படுகிறது. கீழே விழும்போது உடையும் வாய்ப்பு இதனால் குறைகிறது. ஆனால் ரப்பர் கூடக்கூடப் பொருளின் விறைப்புத்தன்மை சற்றுக் குறையும் என்பதையும் சொல்ல வேண்டும்.

தாளில் உள்ள எண், ஆய்வுக்கூடத்தில் மிகுந்த கவனத்தோடு தயாரிக்கப்பட்ட துண்டுக்கு உரியது என்பதும் நினைவில் இருக்கட்டும். அக்ரிலிக் உருவாகும் மூலத்திரவத்தின் கொதிநிலை ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ். பல் ஆய்வுக்கூடத்தில் செட்டின் அச்சைச் சூடாக்கும் நீரின் சூட்டை அவசரமாக ஏற்றினால், செட்டின் தடித்த பகுதிகளில் அந்தத் திரவம் கொதித்து நுண்குமிழ்களை விட்டுச்செல்லும். ஒவ்வொரு குமிழும் விரிசலுக்கு ஒரு தொடக்கப்புள்ளி. விலை உயர்ந்த பொருளைப் பொறுமையின்றிக் கெட்டியாக்கினால், அது பொறுமையாகச் செய்யப்பட்ட சாதாரணப் பொருளைவிட முன்பாகவே உடையக்கூடும்.

இனி இரண்டாம் உடைப்புக்கு வருகிறேன். என் கவலை இதில்தான் அதிகம். பற்களை இழந்த தாடை எலும்பு காலப்போக்கில் தேய்ந்துகொண்டே போகும். ஈறின் மேடு தாழத் தாழ, செட் பக்கங்களில் தாங்குதலை இழந்து, அண்ணத்தின் நடுவிலுள்ள கெட்டியான எலும்பின் மீது மட்டும் அமர்ந்து ஆடத் தொடங்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறை மெல்லும்போதும் நடுக்கோட்டில் சிறிதளவு வளையும். ஒரே அடியில் உடைக்கப் போதாத சிறு வளைவுகள், ஆயிரமாயிரம் முறை திரும்பத் திரும்ப நேரும்போது, கண்ணுக்குத் தெரியாத விரிசலை மெல்ல வளர்த்து, ஒருநாள் வெறும் சோற்றை மெல்லும்போதே முறித்துவிடுகின்றன. உங்கள் தாயாரின் நிலையில் இதற்கு மேலும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. பழைய ஒட்டு, தானே கெட்டியாகும் அக்ரிலிக்கால் போடப்பட்டதாக இருக்கலாம். ஒட்டப்பட்ட இடம் முதலில் இருந்த வலிமையை எட்டுவதில்லை. கீழ்த்தாடையில் உள்ள சொந்த முன்பற்கள் கொடுக்கும் விசையோ, எதிரே செயற்கைப் பற்கள் இருந்தால் வரும் விசையைவிடப் பெரிது; அது முழுவதும் மேல் செட்டின் முன்பகுதியில் போய் இறங்குகிறது.

ஆகவே புதிய செட்டுக்கு அச்செடுப்பதற்கு முன், பழைய செட்டின் பொருத்தத்தைப் பல் மருத்துவர் சோதிக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தற்காலிகமாக இணைத்து வாயில் வைத்து, ஒருபுறக் கடைவாய்ப் பற்களின் மீது விரலால் அழுத்தும்போது மறுபுறம் எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். கடிப்புத்தாளை இடையில் வைத்துக் கடிக்கச் சொல்லி, முன்பற்களில் மட்டும் அடர்த்தியாக நிறம் பதிகிறதா என்றும் பார்ப்பார்கள். பொருத்தம் கெட்டிருந்தால், எந்தப் பொருளில் செய்தாலும் அந்த வளைவு தொடரும்.

நீங்கள் எழுதியவற்றை மட்டும் வைத்துச் சொல்வதானால், மேல் செட்டுக்கு எதிரே சொந்த முன்பற்கள் இருப்பதால், உலோகத் தகடு வைக்கச் சொன்ன மருத்துவரின் கருத்தில் நியாயம் இருக்கிறது என்றே கருதுகிறேன். கோபால்ட்-குரோமியத் தகடு மெல்லியதாக இருந்தும் வளையாது. உணவின் சூடும் குளிர்ச்சியும் அதன் வழியே அண்ணத்துக்குத் தெரியும். ஆனால் விலையும் எடையும் கூடுதல். எலும்பு மேலும் தேயும்போது உட்பக்கத்தை நிரப்பிச் சரிசெய்வது உலோகப் பகுதியில் கடினம் என்பதால், ஈறு மேட்டின் மீது அமரும் பகுதி அக்ரிலிக்காக இருக்கும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால், ரப்பர் கலந்த அக்ரிலிக்கில், கண்ணாடி இழை வலுவூட்டலோடு, கடிப்பைச் சரியாகச் சமன்செய்து செய்வது அடுத்த நல்ல வழி. நைலான் வகை வளையும் செட் கீழே விழுந்தால் எளிதில் உடையாது என்பது உண்மையே. எனினும் முழு மேல்தாடைக்கு அதன் நெகிழ்வே குறையாகிவிடுகிறது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வாய்க்குள் செட் உடைந்தால், எல்லாத் துண்டுகளும் கையில் இருக்கின்றனவா என்று உடனே சேர்த்துப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்து, இருமலோ மூச்சுத் திணறலோ விழுங்குவதில் வலியோ இருந்தால் சிங்கப்பூரின் அவசர மருத்துவ ஊர்தி எண்ணான 995ஐ அழையுங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சாதாரண அக்ரிலிக் எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெரியாது என்பதால், எஞ்சிய துண்டுகளையும் எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடைந்த செட்டை வீட்டில் உள்ள பசையால் ஒட்ட முயல வேண்டாம்; துண்டுகள் ஒரு மயிரிழை விலகி ஒட்டினாலும் பிறகு அவற்றைச் சரியாகப் பொருத்த முடியாமல் போகும்.

கழுவும்போது தொட்டியில் பாதியளவு தண்ணீர் நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது மடித்த துவாலையை விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொதிநீரில் போட வேண்டாம், வடிவம் கெட்டுவிடும். இரவில் கழற்றிய செட்டைச் சாதாரண நீரில் வைப்பது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, தங்கள் தாயார் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவராக இருந்தால் ‘சாஸ்’ (சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டை, முன்னோடித் தலைமுறை அட்டை, மெர்டேக்கா தலைமுறை அட்டை ஆகியவற்றில் எது உள்ளது என்று பாருங்கள். இத்திட்டத்தில் சேர்ந்துள்ள பல் மருந்தகங்களில் புதிய செட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும் தகுதிக்கேற்ற மானியம் உண்டு. உலோகத் தகட்டுக்கு அம்மானியம் எவ்வளவு பொருந்தும், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை கோரலாம் என்பதை வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சந்திப்புக்குச் செல்லும்போது, உடைந்த இரு பாதிகளையும், முன்பு ஒட்டியதற்கான ரசீதையும், தாயார் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.